மேகத்தில் ஆபீஸ் – 9: லைன் போனால் என்ன?

தாராவி தோல்பைப் பட்டறை மேகத்தில், அதாவது கிளவுடில், வைத்திருக்கும் ஆர்டர் ஷீட்டை யார் பார்க்கலாம், யார் கைவைக்கலாம் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். அந்த உரிமை வழக்கை இந்த வாரம் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். முடியாது போலிருக்கிறது, ஜூஹு குறுக்கே வந்துவிட்டது.

ஜூஹு என்றால் நமக்குக் கடற்கரை, பேல்பூரி, நடிகர்களின் பங்களா. 1985இல் அங்கே தொடங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தைப் பற்றி மாட்டுங்காவில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைக் கட்டி வளர்த்தவர் ஸ்ரீனிவாசன் ரமணி. அடுத்த ஆண்டே மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ‘எர்நெட்’ என்ற வலையைத் தொடங்கியது. அதில் எட்டு இடங்கள்: ஐந்து ஐ.ஐ.டி.க்கள், அதில் நம் சென்னையும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், டெல்லியில் அந்தத் துறை, ஜூஹுவில் இந்த மையம். அந்த வலை கொடுத்த முதல் சேவையே மின்னஞ்சல்தான். ஜூஹுவுக்கும் பவாய் ஐ.ஐ.டி.க்கும் நடுவே டெலிபோன் லைனில் மடல் ஓடியது. 2014இல் இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேமில் ரமணியின் பெயர் ஏறியது.

ஓடியது என்றேனா? பெரும்பாலும் காத்துக்கிடந்தது. வீட்டுக்கு ஒரு டெலிபோன் கிடைக்கவே வருடக்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. எர்நெட்காரர்கள் நம்பிய ஏற்பாட்டின் பெயர் யூ.யூ.சி.பி. மடல்கள் கம்ப்யூட்டருக்குள் அடுக்கிக் கிடக்கும். லைன் கிடைத்ததும் மோடம் டயல் செய்து, கட்டை அப்படியே அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அங்கே சேர்ந்திருப்பதை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடும். இந்த ஏற்பாட்டில் விலாசம் எழுதுகிற அழகைக் கேளுங்கள். மடல் எந்தெந்த மெஷின் வழியாகப் போக வேண்டும் என்று அனுப்புகிறவரே வரிசையாக எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் ஆச்சரியக்குறி! குர்லாவில் இறங்கு, ஹார்பர் லைன் மாறு, செம்பூரில் இறங்கு என்று கவரின் மேலேயே எழுதுவதுபோல. இதைப் படித்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஆசிரியரின் போனையும் எடுக்கவில்லை.

லைனுக்காக மடல்கள் காத்துக்கிடக்கும் அந்த வரிசை இன்னும் சாகவில்லை, அதனால்தான் இத்தனை நீட்டல். ஜிமெயிலில் ஆஃப்லைன் வசதியைப் போட்டுவிட்டு, நெட் இல்லாதபோது ‘சென்ட்’ அழுத்திப் பாருங்கள். மடல் அவுட்பாக்ஸில் போய் உட்காரும். லைன் வந்ததும் தானாகக் கிளம்பும்.

நம் பட்டறை தொண்ணூறு அடி சாலைப் பக்கம். மழை வலுத்தால் முதலில் போவது நெட். பரணில் உட்கார்ந்து தோல் வெட்டுகிறவர், பிளாஸ்டிக் உறை போட்ட போனில் ‘கறுப்பு 40, ஜிப் பாக்கி’ என்று ஷீட்டில் தட்டுகிறார். அதே நேரத்தில் செம்பூரில் கணக்குப் பார்க்கிறவர் அதே கட்டத்தில் ‘35’ என்று போடுகிறார். லைன் திரும்பியதும் கடைசியாக வந்து சேர்ந்ததுதான் நிற்கும். மற்றதை வெர்ஷன் ஹிஸ்டரியில் தோண்டி எடுக்கலாம். தோண்ட வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே!

“லைன் போனா போவட்டும் அண்ணாச்சி, ஷீட்டு போவாதுல்லா?” என்றார் பட்டறைக்காரர். திருநெல்வேலிக்காரர், நேராகக் கேட்டுவிட்டார். போகாது. ஆனால் அந்த ஷீட்டை ஆஃப்லைனில் வைத்துக்கொள் என்று போனுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மழை வந்த பிறகு சொல்ல முடியாது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. மின்சாரம், டெலிபோன், செல்போன் என்று ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. மேகத்தை விற்கிற விளம்பரங்களில் லைன் எப்போதும் இருக்கும். மும்பையில் ஆபீஸ் நடத்துகிறவர் லைன் இல்லாத நாளை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

ஆகவே மழைக்கு முன்னால் ஒரு வேலை. கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, ஜிமெயில் செட்டிங்ஸுக்குப் போய், ஆஃப்லைனைப் போட்டுவையுங்கள். பத்துப் பேர் உட்காருகிற பொதுக் கம்ப்யூட்டரில் மட்டும் வேண்டாம். உங்கள் மடல்கள் அந்த மெஷினிலேயே தங்கிவிடும். அப்படிப் பொது மெஷினில் யார் எதைப் பார்க்கலாம் என்பது உரிமை வழக்கில் சேரும். அது அடுத்த வாரம், நிச்சயமாக.