ஓடுகிற குழந்தையை நிறுத்திப் பார்த்தேன்!

"இது என்ன, படமா, புகையா?" என்று கேட்டார் என் கணவர்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் சின்னவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம் ஓடினாள். நானும் செல்போனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் ஓரமாகவே அவள் கூட ஓடி, பதினேழு படங்கள் எடுத்திருந்தேன். ஒன்றில் தலை இல்லை. இன்னொன்றில் கால் இல்லை. மற்றதில் எல்லாம் நீலச் சீருடை ஒரு கோடாக இழுபட்டிருந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது வீட்டில் ஒரு பழைய ஆக்பா கிளிக் 3 காமிரா உண்டு. சுருளுக்கு 12 படம்தான். "ஆடாம அசையாம நில்லு" என்று அப்பா அதட்டிவிட்டுத்தான் எடுப்பார். இப்போது படத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பந்தயத்தில் ஓடுகிற குழந்தையிடம் போய் ஆடாதே அசையாதே என்று சொல்ல முடியுமா?

எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பெரியவரிடம் போய் என் புகைப் படங்களைக் காட்டினேன். பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, ஓட வேண்டியது குழந்தை. நீங்க எதுக்கு ஓடினீங்க?"

அன்று அவர் சொன்ன முதல் பாடம் அதுதான். குழந்தை எங்கே வந்து சேருமோ அங்கே முன்கூட்டியே போய் நின்றுவிட வேண்டும். பந்தயம் என்றால் முடிவுக் கோட்டைத் தாண்டிப் பத்தடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில். குழந்தை நம்மைக் குறுக்கே கடந்து ஓடினால் படம் அதிகம் இழுபடும். நம்மை நோக்கி ஓடி வந்தால் அவ்வளவு இழுபடாது, முகமும் தெரியும். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் விழும். மண்டி போட்டு, குழந்தையின் கண் உயரத்துக்கு இறங்கி எடுக்கணும்.

இரண்டாவது, கணக்குப் பாடம். ஒரு குழந்தை 50 மீட்டரை 10 வினாடியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 5 மீட்டர். காமிராவின் ஷட்டர் 1/50 வினாடி திறந்திருந்தால் அதற்குள் குழந்தை 10 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட அரை ஜாண், நகர்ந்துவிடும். புகை வராமல் என்ன செய்யும்? ஷட்டர் 1/1000 வினாடிதான் திறந்தது என்றால் நகர்வது அரை சென்டிமீட்டர்தான். படம் பளிச்சென்று நிற்கும். சில செல்போன்களில் இந்த வேகத்தை நாமே வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். நல்ல வெளிச்சம் இருந்தால் போன் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். காலை வெயில் உத்தமம். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மைதானத்தில் ஃபிளாஷ் போடுவது வீண். அதன் வெளிச்சம் சில அடிகள்தான் எட்டும். ஸூம் செய்து இழுக்காமல், முடிந்தவரை கிட்டப் போய் நில்லுங்கள். முக்கியமாக, லென்ஸில் இருக்கும் கைரேகையை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள்.

மூன்றாவது பாடம் எனக்கு உடனே புரிந்தது. பால் பொங்கி வழிந்த பிறகா அடுப்பை அணைக்கிறோம்? நுரை எழும்பும்போதே கை போய்விடுகிறதல்லவா? அப்படித்தான் பொத்தானையும் ஒரு கணம் முந்தி அழுத்த வேண்டும். உயரம் தாண்டுகிற குழந்தை, மேலே போய்க் கீழே இறங்குவதற்கு முன் உச்சியில் ஒரு கணம் நின்ற மாதிரி இருக்கும். அதுதான் நம் கணம். கை பிந்திவிடும் என்று பயமாக இருந்தால், பொத்தானை அழுத்திப் பிடித்தோ இழுத்துப் பிடித்தோ வரிசையாகப் படம் எடுக்கும் வசதி பல போன்களில் உண்டு. ஒரு மூச்சில் பத்து இருபது விழும்.

மறு வருஷ விழாவில் சின்னவள் வளையப் பந்து ஆடினாள். நாம் சின்ன வயதில் 'ரிங்' என்று ஆடினோமே, அதேதான். நான் சொன்னபடி காலை வெயிலில், சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு, மண்டி போட்டு வரிசையாக எடுத்தேன். புகையே இல்லை! ஆனால் அவள்தான் வந்த வளையங்களில் பாதிக்கு மேல் நழுவ விட்டாள். "கவனமே கிடையாது, ஓட்டைக் கை" என்று வழக்கம்போல் திட்டினேன். அழுதுகொண்டே வந்தாள்.

அன்று ராத்திரி என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். திடீரென்று, "ஏம்மா, குழந்தை ஏன் எல்லாப் படத்திலேயும் வலது கண்ணை மூடிக்கிட்டிருக்கா?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். சூரியனைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் இரண்டு கண்ணையும் சுருக்கும். பக்கத்தில் நின்ற குழந்தைகள் அப்படித்தான் இருந்தார்கள். இவள் மட்டும் வலது கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். அதுவும் வளையம் நெருங்கி வரும் ஒவ்வொரு படத்திலும். ஒரு படத்தில் அந்தக் கண் திறந்திருந்தது. கருவிழி வெளிப்பக்கமாக ஒதுங்கி நின்றது.

அந்த வாரமே கண் டாக்டரிடம் போனோம். விட்டு விட்டு வரும் மாறுகண் என்றார். எப்போதும் தெரியாதாம், தூரத்தில் பார்க்கும்போதும், வெயிலிலும், களைப்பிலும் கண் வெளியே நழுவுமாம். இரண்டு கண்ணும் ஒன்றுசேர்ந்து பார்த்தால்தான் வளையம் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சரியாகத் தெரியும். ஒரு கண்ணால் பார்க்கிற குழந்தையை நான் ஓட்டைக் கை என்று திட்டியிருக்கிறேன்! கண்ணாடி, கண்ணை மறைத்துக் கட்டுவது, பயிற்சி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று வழிகள் உண்டு, சீக்கிரம் வந்தது நல்லது என்றார் டாக்டர். உங்கள் குழந்தையும் வெயிலில் எப்போதும் ஒரே கண்ணை மூடுகிறது என்றால், தள்ளிப் போடாமல் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

1878-ல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில், மைபிரிட்ஜ் என்பவர் 12 காமிராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். பாய்ந்து ஓடும்போது குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன என்று அந்தப் படங்கள் காட்டின. அதுவரை தினமும் குதிரையைப் பார்த்தவர்கள் கண்ணுக்கும் அது தெரியவில்லை. தினமும் தலை வாரிவிட்ட என் கண்ணுக்கும் தெரியவில்லையே!

ஒரு வேண்டுகோள். நம் படத்தில் மற்றவர் குழந்தைகளும் விழுவார்கள். அவர்கள் அம்மாவைக் கேட்காமல் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இப்போது சின்னவள் கண்ணாடி போட்டிருக்கிறாள். பயிற்சியும் நடக்கிறது. இந்த வருஷ ஆட்டத்திலும் சிலவற்றை விட்டாள், சிலவற்றைப் பிடித்தாள். பிடித்த கணத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. வளையம் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஸ்டூடியோ பெரியவர் பார்த்தால் குறை சொல்லத்தான் செய்வார். சொல்லட்டும். அதில் குழந்தையின் இரண்டு கண்களும் திறந்திருக்கின்றன.