போனில் 760, வங்கியில் 690: சிபில் மதிப்பெண் ஏன் மாறுகிறது?

புரட்டாசி மழை விழுந்ததும் கரிசல் காட்டில் விதைப்பு தொடங்கிவிடும். சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் மானாவாரியாக மக்காச்சோளம், பருத்தி போடும் குடும்பங்களுக்கு விதை, உரம், உழவுக்கூலி என்று எல்லாச் செலவும் ஒரே சமயத்தில் வரும். அந்த நேரத்தில் வங்கிக்குப் போய், "சிபில் கம்மியா இருக்கு" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் உண்டு. செல்போனில் 760 என்று பார்த்துவிட்டுப் போனவருக்கு, வங்கிக் கணினி 690 என்று காட்டினால் குழப்பம்தான். எது சரி? பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும்.

நான்கு நிறுவனங்கள், நான்கு கணக்குகள்

கடன் மதிப்பெண் எல்லாவற்றையும் 'சிபில்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். நான்குமே 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகின்றன. கணக்குப் போடும் முறை மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. செயலி ஒரு நிறுவனத்தின் எண்ணைக் காட்டலாம். வங்கி இன்னொன்றைப் பார்க்கலாம்.

நாளும் ஒரு காரணம். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பப்பட்ட விவரங்களை, 15 நாளுக்கு ஒருமுறை வங்கிகள் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. செயலியில் இருப்பது இரண்டு மாதத்துக்கு முந்தைய எண்ணாக இருந்தால் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2012-ல் நடத்திய ஆய்வில், மக்கள் வாங்கும் மதிப்பெண்ணும் கடன் கொடுப்பவர் வாங்கும் மதிப்பெண்ணும் ஐந்தில் ஒருவருக்குக் கணிசமாக மாறுபடும் என்று தெரிந்தது.

வங்கி பார்ப்பது எண்ணை மட்டுமல்ல

மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு முழு அறிக்கை இருக்கிறது. எந்தத் தவணை எத்தனை நாள் தாமதம், எந்தக் கடன் பேசி முடிக்கப்பட்டது, யாருக்கு ஜாமீன் போட்டது எல்லாம் அதில் இருக்கும். அதோடு நிலம், பயிர், வருமானம், ஏற்கெனவே உள்ள கடன் ஆகியவற்றைச் சேர்த்து வங்கி தனக்கென்று ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு எந்தச் செயலியிலும் தெரியாது.

பட்டாசுப் பகுதியில் சிக்கல் எங்கே வருகிறது? மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் பட்டாசு ஆலைக் கூலியும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கையில் பயிர்க்கடன், பைக் கடன், வீட்டம்மா பெயரில் குழுக்கடன் இருக்கின்றன. தீபாவளி முடிந்தோ ஆய்வுக்காகவோ ஆலை சில வாரம் மூடினால் கூலி நிற்கும், தவணை நிற்காது. குறுகியகாலப் பயிர்களுக்கான கடன், கெடு தாண்டி இரண்டு பருவம் ஆன பிறகே வாராக்கடன் ஆகும். பைக் கடனுக்கு 90 நாள்தான். பெரிய பயிர்க்கடனை ஒழுங்காகக் கட்டியவரின் பெயரை, சிறிய பைக் கடன் கெடுத்துவிடும்.

இழப்பு சிறியதல்ல. 3 லட்சம் ரூபாய் வரையிலான கிசான் கிரெடிட் கார்டு பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் ஆண்டு வட்டி 4 சதவீதம். ஒரு லட்சத்துக்கு ஆறு மாதத்தில் 2,000 ரூபாய். அதே பணத்தை வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கினால் 18,000 ரூபாய்.

விதைப்புக்கு மூன்று மாதம் முன்பே செய்ய வேண்டியவை

• நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர்களின் இணையதளத்திலேயே வாங்கலாம். சொந்த அறிக்கையைப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

• கட்டி முடித்த கடன் 'முடிந்தது' என்று இருக்கிறதா, தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தள்ளுபடி பேசி முடித்த கடன் தனியாகக் குறிக்கப்படும். வங்கிகள் அதைக் குறையாகவே பார்க்கும். கட்டி முடித்ததும் நிலுவை இல்லாச் சான்று வாங்கி வைப்பது நல்லது.

• தவறு இருந்தால் கடன் கொடுத்த வங்கியிடமோ தகவல் நிறுவனத்திடமோ எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் மேலே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், விவரத்துக்கு 14448.

• "சிபிலை ஏத்தித் தர்றேன்" என்று பணம் கேட்பவரை நம்பக் கூடாது. உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

வாசகர் கேள்வி

இதுவரை கடனே வாங்கியதில்லை. மதிப்பெண் இல்லை என்று மறுக்கலாமா?

அந்த ஒரு காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்பதே ரிசர்வ் வங்கியின் அறிவுரை. குறைந்தபட்சம் இவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்றும் அது வரையறுக்கவில்லை. சிட்டா, அடங்கலோடு எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

நகைக்கடனும் அறிக்கையில் வருமா?

வரும். கெடு தாண்டாமல் மீட்பதோ புதுப்பிப்பதோ நல்லது. ஏலம் வரை விட்டால் நகையோடு அடுத்த பருவத்துக் கடனும் கைநழுவிப் போகலாம்.