மலிந்த காலத்துப் போஞ்சியை உறைவித்து வைத்தல்

ஊவாக் கமக்காரரே! வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் போஞ்சி ஒருங்கே காய்க்குங்கால் கெப்பெட்டிப்பொலச் சந்தையில் விலை சரிவதையும், அடைமழையில் செடி அழிந்தபின் அதே போஞ்சியை நாமே மிகுந்த விலைக்கு வாங்குவதையும் நீங்கள் அறிவீர்கள். வீட்டில் ஏற்கெனவே உறைபெட்டி உள்ளோர் மலிந்த கிழமையில் மொத்தமாக வாங்கி உறைவித்துக்கொள்ளலாம். தோட்ட லயங்களில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு மூட்டை எடுப்பின் சில்லறை விலை தப்பும். இதற்கென்றே கடனுக்குப் பெட்டி வாங்குதல் சிக்கனமன்று.

காயைப் பச்சையாக உறைவித்தல் கூடாது. அதிலுள்ள நொதியங்கள் குளிரிலும் மெல்லத் தொழிற்பட்டு நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். அவற்றை அடக்கவே வெந்நீர். நார் நீக்கி நறுக்கிய அரைக் கிலோ போஞ்சியை 4 லீற்றர் கொதிநீரில் இட்டு, மீண்டும் கொதி வந்தபின் 3 நிமிடம் வைத்தல் வேண்டும். ஓகியா போன்று 5,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில் மேலும் ஒரு நிமிடம். உடனே குளிர்நீரில் ஆற்றி, ஈரத்தை நன்கு வடித்து, ஒரு வேளைக் கறிக்கு அளவான பைகளில் காற்றை வெளியேற்றிக் கட்டித் திகதி எழுதுக. கரட் துண்டுகளுக்கு 2 நிமிடம் போதும். உருளைக்கிழங்கு இருட்டறைச் சாக்கிலேயே இருக்கட்டும். பச்சையாக உறைவித்தால் கறுத்துக் குழைந்துவிடும்.

2022 பங்குனியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றதை நினைவிற் கொள்க. திறவாதிருப்பின் நிறைந்த பெட்டி ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிர் தாங்கும். காயில் பனித்துகள் எஞ்சியிருந்தால் மீண்டும் உறைவிக்கலாம். வெதுவெதுப்பேறியதை எருக்குழியில் இடுக.