உங்களுக்குத் தெரியுமா? சொந்த ஊரிலேயே நடந்த சமய ஆய்வு

1991-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'பன்மைத்துவத் திட்டம்' என்ற சமய ஆய்வு தொடங்கியது. கோடை விடுமுறையில் மாணவர்கள் களப்பணிக்குப் போனது அவரவர் சொந்த ஊருக்கு. அங்கே புதிதாக எழும்பிய மசூதி, குருத்வாரா, புத்த விகாரை, கோயில்களைத் தேடிப் போய், வருவோரிடம் பேசிக் குறிப்பெடுத்தார்கள்.

திட்டத்தைத் தொடங்கியவர் காசி நகரைப் பற்றி நூல் எழுதிய பேராசிரியர் டயானா எக். 1965-ஆம் ஆண்டுச் சட்டம் நாடுவாரிக் குடியேற்ற ஒதுக்கீட்டை நீக்கியதால் ஆசியாவிலிருந்து பலர் அமெரிக்காவில் குடியேறினர். இந்து சமயம் பற்றிய அவருடைய வகுப்பில் 1990 வாக்கில் அவர்களுடைய பிள்ளைகளே வந்து உட்கார்ந்தார்கள். இந்தியாவில் தேடிப் படித்தது வாசலுக்கே வந்துவிட்டதை எக் உணர்ந்தது அப்போதுதான்.

பாஸ்டன் அருகே ஆஷ்லாந்தில் உள்ள ஸ்ரீலட்சுமி கோயிலின் 1990 கும்பாபிஷேகத்தை அவர் விரிவாகவே பதிவு செய்திருக்கிறார். கலசங்களில் கங்கை நீரோடு மிசிசிப்பி, கொலராடோ, மெரிமாக் ஆறுகளின் நீரும் கலந்திருந்தது. புலம்பெயர்ந்தவர்கள் புது மண்ணை எப்படித் தம்முடையதாக்கிக் கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட அழகான சான்று கிடைப்பது அரிது.

பல சமயத்தவர் ஒரே ஊரில் இருப்பது வேற்றுமை மட்டுமே என்பது எக்கின் கருத்து. தத்தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல் ஒருவரையொருவர் அறிந்து உறவாடும்போதுதான் அது பன்மைத்துவம் ஆகிறது. சகிப்புத்தன்மை இருந்தால் போதும் என்பதை அவர் ஏற்பதில்லை. அண்டை வீட்டாரைப் பற்றி எதுவுமே தெரியாமலும் சகித்துக்கொள்ள முடியும் அல்லவா? திட்டம் திரட்டியவை 1997-இல் குறுந்தகடாக வெளிவந்து வகுப்பறைகளுக்குச் சென்றன.