டெமோவா, ஆல்பமா? ஒரு பத்து வருஷச் சண்டை

போன எபிசோட் கடைசியில ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஆர்க்டிக் மங்கீஸோட முதல் ஆல்பம் உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா, ஏன்? வந்த வாய்ஸ் நோட்டுகளை எல்லாம் கேட்டேன். மொத்தம் மூணு கட்சி. "இதை மிஞ்சி ஒரு முதல் ஆல்பம் கிடையாது" என்பது ஒண்ணு. "இதுக்கா இவ்வளவு அலப்பறை?" என்பது ரெண்டாவது. "ஆல்பம் எல்லாம் சும்மா, டெமோதான் உசுரு" என்பது மூணாவது. நான் பத்து வருஷமா மூணாவது கட்சி. போன வாரம் அதுல ஒரு ஓட்டை விழுந்திருச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

பின்னணி தெரியாதவங்களுக்கு: இங்கிலாந்துல ஷெஃபீல்டுனு ஒரு ஊர். எஃகுக்குப் பேர் போன ஊர். அங்க 2002ல நாலு பசங்க சேர்ந்து ஆரம்பிச்ச பேண்ட் இது. டெமோ பாட்டுகளை சிடியில பதிஞ்சு, கச்சேரிக்கு வந்தவங்களுக்கு இலவசமா கொடுத்தாங்க. வாங்கினவங்க அதை இணையத்துல ஏத்திப் பரப்பிட்டாங்க. மைஸ்பேஸ் பக்கத்தைக்கூட ரசிகர்கள்தான் தொடங்கினாங்க. ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே கூட்டம் மொத்தமும் வரி பிசகாம கூடப் பாடிச்சு.

2006 ஜனவரி 23, 'வாட்எவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐ'ம் நாட்' வெளியாச்சு. நிறுவனம் டொமினோ, பெரிய கம்பெனி கிடையாது, இண்டி லேபிள். முதல் வாரத்துலேயே பிரிட்டன்ல 3,63,735 பிரதி போச்சு. அதுவரைக்கும் அங்க எந்த முதல் ஆல்பமும் அவ்வளவு வேகமா வித்ததில்லை. அதே வருஷம் மெர்குரி விருதும் கிடைச்சது.

இப்போ கவனிங்க. வாங்கினவங்கள்ல நிறைய பேருக்குப் பாதிப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அதனால அவங்க கேட்டது புது ஆல்பம் இல்ல, பழகின பாட்டோட புது வடிவம். 'வென் த சன் கோஸ் டவுன்' டெமோவுல 'ஸ்கம்மி'ங்கிற பேர்ல சுத்திச்சு. 'பிக்கர் பாய்ஸ் அண்ட் ஸ்டோலன் ஸ்வீட்ஹார்ட்ஸ்' ஆல்பத்துலேயே இல்ல. "என் பாட்டு எங்கடா?"னு கோபம் வராம இருக்குமா?

எனக்கும் இதேதான் நடந்துச்சு. காலேஜ் ரெண்டாவது வருஷம், ஹாஸ்டல்ல ஒரு சீனியர் கொடுத்த ஹார்ட் டிஸ்க்ல டெமோ ஃபோல்டர் இருந்துச்சு. செமஸ்டர் முழுக்க அதுதான். என் ரூம்மேட் கேட்டது ஆல்பம். "டேய், டெமோல டிரம்ஸ் தகர டப்பா மாதிரி இருக்குடா"ம்பான். "மச்சி, உனக்குக் காது இல்ல"ம்பேன். விளையாட்டா ஆரம்பிச்சது. ஒரு நாள் ராத்திரி நான் கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன். இன்ஸ்டாகிராம் பார்த்துப் பாட்டு கேக்குற ஆள் நீ, ரசனையே கிடையாதுன்னு. அடுத்த வருஷம் அவன் வேற ரூம் மாறிட்டான்.

சரி, இதுக்குப் பின்னாடி இருக்கிற அறிவியலைப் பார்ப்போம். ரெண்டு விஷயம்.

முதல் விஷயம் பழக்கம். 1968ல ராபர்ட் ஸயான்ஸ்ங்கிற உளவியலாளர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அது மேல விருப்பம் கூடும்னு காட்டினார். பாட்டுக்கும் இது பொருந்தும். நூறு தடவை கேட்ட வடிவம்தான் "சரியான" வடிவமாத் தோணும். மத்ததெல்லாம் தப்பாப் பாடின மாதிரி இருக்கும்.

ரெண்டாவது விஷயம் சத்தம். ஒரே பாட்டை ரெண்டு அளவுல போட்டா, கொஞ்சம் சத்தமா இருக்கிறதுதான் நல்லா இருக்கிற மாதிரித் தெரியும். அந்தக் காலத்து ராக் சிடிக்கள் பலதும் ரொம்ப சத்தமா மாஸ்டர் பண்ணப்பட்டவை. அதாவது, மெல்லிய இடத்துக்கும் பலத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைச்சு, மொத்தத்தையும் மேல ஏத்திடுவாங்க. முதல் பாட்டுக்கு ஜிவ்வுனு இருக்கும். நாப்பது நிமிஷம் கேட்டா காது அசந்துடும். "செம"ன்னு சொன்னவங்களும் "தலைவலி"ன்னு சொன்னவங்களும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கலாம், வேற வேற நேரத்துல.

அதனால போன வாரம் ஒரு சோதனை பண்ணினேன். டெமோவுலயும் ஆல்பத்துலயும் இருக்கிற ஆறு பாட்டை எடுத்தேன். எல்லாத்தையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்தேன். எது எதுன்னு தெரியாம மாத்திப் போடுற மாதிரி சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆனா நானே கேட்டா பிரயோஜனம் இல்ல. டெமோவுல பாடகர் எங்க மூச்சு எடுக்கிறார்னுகூட எனக்குத் தெரியும். அதனால இந்த பேண்டையே கேட்டிராத என் தங்கச்சியை உக்கார வெச்சேன்.

ஆறுல நாலு தடவை அவ ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தா.

'மார்டி பம்'ல மட்டும் டெமோவைக் காட்டி, "இதுல பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்குண்ணா"ன்னா. எனக்கு அப்படி ஒரு நிம்மதி! ஒரே ஒரு ஆளை வெச்சுப் பண்ணினதை ஆராய்ச்சின்னு சொல்ல மாட்டேன். ஆனா பத்து வருஷமா "ரசனை"ன்னு நான் மார்தட்டினதுல பெரிய பங்கு, எந்த ஹார்ட் டிஸ்க் முதல்ல கைக்கு வந்துச்சுங்கிறதுதான். அது மட்டும் உறுதி.

அதுக்காக உங்க கருத்து எல்லாம் பொய்யின்னு அர்த்தம் இல்ல. எனக்கு டெமோ இன்னும் பிடிக்கும். அந்த செமஸ்டர், அந்த ரூம், ஓடாத ஃபேன் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. ஆனா "எனக்குப் பிடிக்கும்"ங்கிறது வேற, "உனக்குக் காது இல்ல"ங்கிறது வேற. அடுத்த தடவை ஒரு ஆல்பத்தைப் பத்திச் சண்டை வந்தா, முதல்ல ஒண்ணு கேளுங்க: "நீ இதை முதல்ல எங்க கேட்ட?"

ரூம்மேட்டுக்கு நேத்து மெசேஜ் பண்ணினேன். "டிரம்ஸ் விஷயத்துல நீ சொன்னது சரிதான்டா. அன்னைக்குப் பேசினது தப்பு." ரெண்டு மணி நேரம் கழிச்சு பதில் வந்துச்சு: "பிக்கர் பாய்ஸ் டெமோ இன்னும் இருக்கா? அனுப்பு."

அனுப்பிட்டேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.