ரத்தம் கொடுத்தால் பதில் வர வேண்டும்!

நம் வீட்டுக் குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் என்ன செய்கிறோம்? பக்கத்து லேபில் ரத்தம் கொடுக்கிறோம். சாயந்திரத்துக்குள் ரிசல்ட் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, என்ன ஏதென்று தெரியாமலே காத்திருந்த தாய்மார்களும் உண்டு. அவர்கள் தூர தேசத்தில் இல்லை. நம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே, நீலகிரிச் சரிவுகளில்தான் இருக்கிறார்கள்.

என் அக்கா மகள் லேப் டெக்னீஷியன். மலைக் கிராமங்களுக்கு ரத்தப் பரிசோதனைக் குழுவோடு அடிக்கடி போய் வருவாள். "சின்னம்மா, ஒரு நாள் நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். கோத்தகிரிப் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கொஞ்சம் ஜீப்பிலும் கொஞ்சம் நடையுமாக ஓர் இருளர் பதிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முந்தியும் வந்து ரத்தம் எடுத்தாங்க. என்ன இருக்குதுன்னு ஒருத்தரும் வந்து சொல்லலை. நீயாவது சொல்லுவியா அம்மிணி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. "அடுத்த வாரம் நானே வந்து சொல்றேன் பாட்டி" என்றாள் இவள். சொன்னபடியே போய்ச் சொன்னாள்.

அரிவாள் போன்ற அணுக்கள்

அவர்கள் தேடிப் போனது சிக்கிள் செல் என்ற ரத்தசோகையை. நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் வட்டத் தட்டு மாதிரி, மிருதுவாக இருக்கும். எவ்வளவு சின்னக் குழாயிலும் வளைந்து நுழைந்து போய்விடும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அவை கதிர் அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துப் போகின்றன. குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. எலும்பிலும் மூட்டிலும் தாங்க முடியாத வலி வரும். ரத்தம் குறையும். கண் மஞ்சளாகும். சின்னக் குழந்தைக்குக் கையும் காலும் வீங்கும். பிறந்த சில மாதங்கள் வரை ஒன்றும் வெளியே தெரியாது.

இது தொற்று நோய் அல்ல. தெய்வக் குற்றமும் அல்ல. பெற்றோர் வழியாக வருவது. ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் கூறு வந்தால் பிள்ளை பெரும்பாலும் நல்லபடியாகவே இருக்கும். தாய், தகப்பன் இருவரிடமும் அது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

எழுபது வருஷத்துக் கதை

நீலகிரிப் பழங்குடிகளிடம் இது இருப்பதை ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1952-ல் எழுதி வெளியிட்டார்கள். உலகத்து டாக்டர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் வலியில் துடிக்கும் பெண்ணுக்கு அதைச் சொல்ல, அவள் வீட்டு வாசலுக்கு யாராவது திரும்பப் போக வேண்டாமா?

அப்படிப் போனவர்களும் உண்டு. கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் 1958-ல் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கத்தைத் தொடங்கினார். கூடலூருக்கு 1987-ல் தேவதாசன், ரூபா என்ற டாக்டர் தம்பதி வந்தார்கள். அங்கே 1990-ல் ஆதிவாசி மருத்துவமனை உருவாயிற்று. கிராமத்துப் பெண்களையே சுகாதார ஊழியர்களாகவும், ஆதிவாசிப் பெண்களை நர்ஸுகளாகவும் பழக்கினார்கள். வெளியூர்க்காரர் நூறு தடவை சொல்லியும் ஏறாதது, தன் பாஷையில் தன் வீட்டுப் பெண் சொன்னால் ஒரே தடவையில் ஏறிவிடும், இல்லீங்களா?

2023 ஜூலை 1 அன்று மத்திய அரசும் இந்த நோய்க்காக ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 40 வயது வரை உள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பது நோக்கம். கையில் அட்டையும் கொடுக்கிறார்கள்.

பனி தேசத்திலும் இதே பேச்சு

பூமியின் வட கோடியில் பனியில் வாழும் இனூயிட் மக்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் நினைவுதான் வந்தது. 1970-ல் டென்மார்க் டாக்டர்கள் கிரீன்லாந்துக்குப் போய், 130 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். மீன் கொழுப்பு இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு உலகெங்கும் பரவியதில் அந்த ஆராய்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. 2004-ல் கனடாவின் நுனாவிக் பகுதியில், பனியை உடைத்துச் செல்லும் கப்பலிலேயே பரிசோதனைச் சாலை அமைத்து, 14 கிராமங்களுக்குப் போனார்கள். அந்தக் கணக்கெடுப்புக்கு 'நாம் எப்படி இருக்கிறோம்?' என்ற பொருளில் இனூயிட் மொழியிலேயே பெயர் வைத்தார்கள். 2018-ல் கனடா இனூயிட் மக்களின் தேசிய அமைப்பு, தங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் முடிவெடுக்கும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்று ஒரு திட்டமே வெளியிட்டது. பாட்டி கேட்டதும் அதைத்தானே!

நாம் கவனிக்க வேண்டியவை

சிக்கிள் செல் பழங்குடிகளுக்கு மட்டும் வருவதில்லை. மற்றவர்களிடமும் உண்டு. தலசீமியா என்ற இன்னொரு ரத்த நோயும் இதே மாதிரி பெற்றோர் வழியாகத்தான் வரும். நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கல்யாணம் செய்கிறோம். ஒரே குடும்பத்து ரத்தம் என்பதால் இருவருக்கும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு அதிகம். ஜாதகம் பார்க்கும்போதே ரத்தமும் பார்த்துவிடலாமே!

* குழந்தைக்கு அடிக்கடி ரத்தம் குறைந்தால், நாமாக டானிக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்துக்கொண்டே இருக்காமல் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

* நோய் உள்ள பிள்ளைக்கு நிறையத் தண்ணீர் கொடுங்கள். குளிரில் விடாதீர்கள். காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். தடுப்பூசி ஒன்றும் தவறக் கூடாது.

* வலியைக் குறைக்க, ஹைட்ராக்ஸியூரியா போன்ற மருந்துகள் உண்டு. டாக்டர் சொல்லாமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

* கர்ப்பிணிகள் முதல் மாதங்களிலேயே இந்தப் பரிசோதனை பற்றி விசாரியுங்கள்.

* வலி என்று பிள்ளை அழுதால், "பள்ளிக்கூடம் போகச் சோம்பல்" என்று அடிக்காதீர்கள்.

முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ யார் ரத்தம் எடுத்தாலும் தயங்காமல் கேளுங்கள், "எதுக்கு எடுக்கறீங்க? பதில் எப்போ வரும்?" என்று. வந்த தாளை அடுப்பங்கரை டப்பா சந்தில் சொருகாமல், ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு நம் மகளுக்கும் பேத்திக்கும் அது உதவும்.