தீவு மின்சாரமும் மின்னெழுச்சிக் காப்பும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் நாட்டின் பெருநில மின்கட்டமைப்புக்கும் இணைப்பு இல்லை. சென்னையிலிருந்து கடலடி வழியே வந்த கண்ணாடியிழை 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது. மின்சாரமோ இன்றும் தீவுதோறும் தனித்தனியே, பெரும்பாலும் டீசலைக் கொண்டு, உற்பத்தியாகிறது. சிறிய கட்டமைப்பில் பெரிய மோட்டார் ஒன்று திடீரென நின்றாலும் அதன் அதிர்வு அண்டை வீட்டு விளக்கு வரை தெரியும். இரு பருவமழைகளின் இடி மின்னலும் சேர்ந்துகொள்கிறது.

மீன் வணிகம் செய்யும் நம் வாடிக்கையாளர் ஒருவரின் உறைபெட்டியை எண்ணிப் பார்ப்போம். அதன் கட்டுப்பாட்டுப் பலகை கருகினால் மாற்றுப் பலகை சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வர வேண்டும். அதுவரை மீன் காத்திராது. கடன் தவணையும் காத்திராது.

‘ஸ்டெபிலைசர் இருக்கிறதே’ என்போர் பலர். ஸ்டெபிலைசர் மெல்ல ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சீர்செய்வது. அது செயற்பட மில்லி வினாடிகள் பல ஆகும். மின்னெழுச்சியோ சில மைக்ரோ வினாடிகளில் வந்து முடிந்துவிடும். அதற்குரிய உறுப்புகள் வேறு.

அவற்றுள் முதன்மையானது வேரிஸ்டர். துத்தநாக ஆக்சைடால் ஆன இச்சிறு வில்லை, வழக்கமான மின்னழுத்தத்தில் மின்னோட்டத்தை ஏறக்குறைய முற்றிலும் தடுக்கும். வரம்பு மீறியதும் வழிவிட்டு எழுச்சியைத் தன்மேல் ஏற்கும். 230 வோல்ட் இணைப்புக்கு 275 வோல்ட் வேரிஸ்டரே வழக்கம். ஆயினும் மின்னழுத்தம் அடிக்கடி 250-ஐத் தாண்டும் இடங்களில் 320 வோல்ட் வகையைத் தேர்வதே நன்று என்பது எம் கருத்து. காப்பு சற்றே தளரும். வில்லை நெடுநாள் உழைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வில்லைகளில் 431 என்று பொறித்திருப்பர். அது 430 வோல்ட்டைக் குறிக்கும். வில்லை கடத்தத் தொடங்கும் அளவு அது. 275 வோல்ட் வகை என்பதும் அதுவே. 320 வோல்ட் வகையில் 511 என்றிருக்கும்.

வேரிஸ்டர் ஒவ்வோர் எழுச்சியிலும் சிறிது தேயும். நியூட்ரல் கம்பி அறுந்தால் ஒற்றை முனை இணைப்பிலும் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும். அப்போது வில்லை காய்ந்து தீப்பற்றவும் கூடும். எனவே வெப்பத்தால் துண்டிக்கும் ஃபியூஸ் சேர்ந்த வகையே வேண்டும். சில ரூபாய் மிச்சம் பிடிக்க இது இடமன்று.

வாயு நிரப்பிய மின்னிறக்கக் குழாய் பல்லாயிரம் ஆம்பியரைத் தாங்கும். ஆனால் ஒருமுறை கடத்தத் தொடங்கினால் எளிதில் நிற்காது. ஆகவே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அதனைத் தனியே வைத்தலாகாது. தொலைபேசிக் கம்பிக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அது பொருந்தும். டி.வி.எஸ். டயோடு மிக விரைவானது, ஆயினும் மெலிந்தது. அட்டைக் கருவியின் 5 வோல்ட் சுற்றுக்கும் கண்காணிப்புக் கேமராவின் தரவுக் கம்பிக்கும் ஏற்றது. அதன் தாங்குநிலை, சுற்றின் இயங்கு மின்னழுத்தத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பெரிய எழுச்சியை நுழைவாயிலில் குழாயும் வேரிஸ்டரும் தணிக்க, எஞ்சியதை டயோடு அடக்குவதே முறை.

எதைத் தேர்ந்தாலும் கம்பியின் நீளம் அதனைக் கெடுக்கலாம். ஒரு மீட்டர் கம்பியின் மின்தூண்டல் ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. ஒரு மைக்ரோ வினாடியில் 1000 ஆம்பியர் ஏறினால் அக்கம்பியிலேயே 1000 வோல்ட் எழும். ஆகவே காப்புறுப்புக்குச் செல்லும் கம்பியை இயன்றவரை குறுக்குக. கடற்காற்றின் உப்பு எர்த் இணைப்பை அரிக்கும். மழைக்காலம் தொடங்குமுன் மின்பணியாளரைக் கொண்டு அதனை அளந்து பார்க்கலாம்.

கருவிக்குத் தீக்காப்பீடு மட்டும் எடுத்திருப்போர் பாலிசியை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம். மின்மிகையால் அக்கருவிக்கே நேரும் சேதம் பொதுவாக அதில் அடங்குவதில்லை; மின்னணுக் கருவிகளுக்கான காப்பீடு தனியே உண்டு.